ரிங்லெட்டில் ஆறு நாள், ஓர் ஓணானுக்காக

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. வருடக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் செத்துப்போகும் லீவு ஐந்து நாள் மிச்சமிருந்தது. கேமரன் மலைக்குப் போய், மலைக்காட்டில் மட்டும் இருக்கிற மலாயோடிராக்கோன் என்கிற ஓணானைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் வீட்டுக்காரர் சொன்னது: "அதுக்கு எதுக்கு மலை? நம்ம வேலியிலேயே ரெண்டு ஓடுதே." வேலி ஓணானுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கிக்கொண்டே துணி மடித்தேன். நோட்டில் அன்றன்றைக்கு எழுதியதை நாளுக்கு ஒன்றாக இங்கே போடுகிறேன். கணுக்காலில் அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது.

நவம்பர் 18, திங்கள்: தாப்பாவிலிருந்து மேலே

தாப்பாவில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் என்கிற நுரை பொங்க ஆற்றிய பால் டீ ஒன்று, ஆறு வெள்ளி (ரிங்கிட்) ஐம்பது காசு. வேர்த்துக் கொட்டியது. அங்கிருந்து கேமரன் மலைமேல் இருக்கும் ரிங்லெட் வரை ஒரே வளைவுதான். பாதி வழியில் மண் சரிந்து ஒரு பக்கப் பாதையை மூடியிருந்ததால் முக்கால் மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். முன்னால் நின்ற முட்டைக்கோஸ் லாரிக்காரர் இறங்கி வந்து, கேட்காமலேயே ஒரு மண்டாரின் ஆரஞ்சைக் கண்ணாடி வழியாக நீட்டினார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

லாத்தா இஸ்கண்டார் அருவி ஓரத்தில் செமாய் என்கிற பழங்குடி மக்களின் கடைகள். மூங்கில், காட்டுத் தேன், பெத்தாய் என்கிற வாடை வீசும் காட்டு அவரை. பெத்தாய் ஒரு கட்டு பத்து வெள்ளி என்றார் கடைக்காரர். திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, கைபேசியில் இருந்த ஓணான் படத்தைக் காட்டினேன். "சும்பா-சும்பா" என்றார் உடனே. மலாய்க்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். சும்பா என்றால் சத்தியம், சாபம் இரண்டும் அதுதான். நிறம் மாற்றுகிற பிராணிக்கு யார் வைத்த பெயரோ, பொருத்தம்தான். எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன். மேலே கையைக் காட்டிவிட்டு, "சோராங்-சோராங் தாக் நம்பாக்" என்றார். தனியாகப் போனால் தெரியாதாம். பெண்பிள்ளை ஒண்டியாகக் காட்டுக்குள் போகாதே என்று நாசூக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ரிங்லெட் வந்து சேர மூன்று மணி. கண்ணாடியை இறக்கினால் காற்று சில்லென்று முகத்தில் அடிக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி இறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை உடம்பு இப்போதுதான் ஒத்துக்கொண்டது. சித்தி வீடு டவுனைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். சித்திக்கு 71 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கை. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி: "ஸ்வெட்டர் கொண்டாந்தியா?" கொண்டுவரவில்லை. செத்துப்போன சித்தப்பாவின் கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்துருண்டை வாசனை. ஆறு நாளும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

இரவு நெத்திலி சம்பல், சௌசௌ கூட்டு, ரசம். இந்த மலைச் சௌசௌவில் தண்ணீர் சத்து அதிகம், ஆனால் இனிப்பு. கிள்ளான் சந்தையில் வாங்குவது மரக்கட்டை மாதிரி இருக்கும்.

நவம்பர் 19, செவ்வாய்: மூடுபனிக் காடு

இது முழுக்க என் பிடிவாதத்தால் வீணான நாள். மலை ஓணான் என்றால் உயரமான இடத்தில்தானே இருக்கும் என்று நானே முடிவுகட்டி, விடிந்ததும் பிரிஞ்சாங் மலை உச்சிக்குக் கிளம்பினேன். 2,000 மீட்டருக்கு மேல். தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றைப் பாதையில் எதிரே வேன் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். எப்போதும் அது நானாகத்தான் இருந்தேன்.

மேலே காடு வேறு மாதிரி. மரங்கள் குட்டை, கோணல்மாணல். கிளை தெரியாதபடிக்குப் பாசி போர்த்தியிருக்கிறது. மேகம் காட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்வதால் இலைக்கு இலை சொட்டுகிறது. பாசியைக் கையால் அழுத்தினேன். ஊறவைத்த ஸ்பாஞ்ச் போல விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. குடுவைத் தாவரம் ஒன்றில் எட்டிப் பார்த்தால் மூன்று எறும்பும் ஒரு ஈயும் மிதந்தன. கேமரா கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து சித்தப்பாவின் சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

மரப்பாலத்தில் சுற்றுலாக் கும்பலை நடத்திவந்த ஒரு வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன். பீடோர் பக்கத்துத் தமிழ்ப் பையன். "அக்கா, அது இவ்வளவு குளிர்ல எதுக்கு உக்காந்திருக்கப் போவுது? கொஞ்சம் கீழ, பெரிய மரம் இருக்கிற காட்டுல பாருங்க" என்றான். ஓணான் வெயில் காய்ந்து சூடேற்றிக்கொள்கிற ஜாதி. அன்றைக்கு உச்சியில் வெயில் என்ற ஒன்றே இல்லை.

இறங்கும்போது ஒரு தேநீர்க் கடையில் ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும் சாப்பிட்டேன், பதினைந்து வெள்ளி. உப்பில்லாத பன். வெள்ளைக்காரன் விட்டுப்போனதில் டீயை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் போதும்.

நவம்பர் 20, புதன்: மழை

விடிய விடிய மழை, விடிந்தும் மழை. தகரக் கூரைக்கு அடியில் பேசினால் கத்த வேண்டும். காலையில் குடை பிடித்து டவுனுக்கு நடந்தேன். ஏரித் தண்ணீர் தே தாரிக் நிறம். 1960களில் மின்சாரத்துக்காக அணை கட்டி உண்டான ஏரி. மேலே மலையைச் சீவி பிளாஸ்டிக் கொட்டகை போட்ட காய்கறித் தோட்டங்களிலிருந்து வரும் மண் இதில் வந்து படிகிறது. அதை வாருவதற்கு இயந்திரங்கள் வந்து வாரிக்கொண்டே இருக்கின்றன, மண்ணும் வந்துகொண்டே இருக்கிறது.

மத்தியானம் தம்பி மகன் பள்ளிவிட்டு வந்தான். ஐந்தாம் வகுப்பு. "அத்தை, அந்த ஓணானுக்கு என்ன பேரு?" என்று பிடித்துக்கொண்டான். மழையில் வேறு வேலை இல்லாததால் அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

1905-ல் ஹெர்பர்ட் ராபின்சன் என்கிற அருங்காட்சியக அதிகாரி ஆட்களைத் திரட்டிக்கொண்டு குனோங் தாஹான் மலையில் ஏறினார். தீபகற்பத்திலேயே உயரமான மலை அது, 2,187 மீட்டர். பிடித்துக்கொண்டு வந்த பிராணிகளில் ஒரு ஓணானும் இருந்தது. அதை ஆராய்ந்து 1908-ல் பெயர் வைத்தவர் லண்டன் அருங்காட்சியகத்து பூலாஞ்சே. வாழ்நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்களுக்குப் பெயர் சூட்டிய மனிதர். கொனோசெபாலஸ் என்ற கூட்டத்தில் இதையும் சேர்த்து, ராபின்சன் பெயரை வாலில் ஒட்டிவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. 2015-ல் வேறு ஆய்வாளர்கள் உடலமைப்பையும் மரபணுவையும் பார்த்து, இது அந்தக் கூட்டத்து ஆளே இல்லை என்று தனியாகப் பிரித்தார்கள். புதுப் பேரினம், மலாயோடிராக்கோன். அதாவது மலாயா டிராகன். அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான், அண்ணன் தம்பி யாரும் கிடையாது. தீபகற்ப மலேசியாவின் மலைக்காடுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

"அந்த வெள்ளைக்காரன் பேர எதுக்கு வைக்கணும்? மலையில தூக்கிட்டு நடந்தவங்க பேர வைக்கலாம்ல?" என்றான் பையன். என்னிடம் பதில் இல்லை. சித்தி அரிசி புடைத்துக்கொண்டே சிரித்தார்.

இன்னொரு கதை அவனுக்கு ரொம்பப் பிடித்தது. 2016-ல் இந்த மலைத்தொடரிலிருந்து மட்டும் மூன்று புது ஓணான்களை அறிவித்தார்கள். கேமரனில் ஒன்று, ஃபிரேசர் மலையில் ஒன்று, கெந்திங்கில் ஒன்று. ஆங்கிலக் கதையொன்றில் வரும் மூன்று டிராகன்களின் பெயரையே வைத்துவிட்டார்கள்: ரேகல், ட்ரோகன், விசேரியன். கேமரனுக்கு வாய்த்தது ரேகல். இவற்றின் பேரினம் சூடோகலோட்டிஸ், அப்படியே தமிழில் சொன்னால் பொய் ஓணான். மூன்று மலையும் ஒரே தித்திவாங்சா தொடர்தான். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக நடுவில் தாழ்ந்த, சூடான காட்டில் இறங்கி ஏற வேண்டும். இதுகள் இறங்காது. மலையுச்சி ஒவ்வொன்றும் தீவு, நடுவில் இருக்கும் சூடுதான் கடல். அதனால் மலைக்கு ஒரு ஜாதியாகப் பிரிந்துபோனது. இந்த உச்சிகளை வானத்துத் தீவுகள் என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் வேலி ஓணான் இதற்கு நேர் எதிர். வெயிலடிக்கிற வெட்டவெளி எங்கே கிடைத்தாலும் குடும்பம் நடத்தும். சிங்கப்பூரில் 1980களில் நுழைந்து, அங்கேயே இருந்த பச்சை ஓணானை ஊர்ப்புறங்களிலிருந்து ஓரங்கட்டிவிட்டது.

சித்தி ஒரு கதை சொன்னார். தாகத்தில் வந்த ராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அந்தக் கோபத்தில்தான் நாங்கள் சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்தில் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்தோம், அண்ணன்மார் கல்லால் அடித்தார்கள். ராமருக்காகச் செய்வதாகவே நினைத்துக்கொண்டோம். எத்தனை என்று கணக்கில்லை.

நவம்பர் 21, வியாழன்: தானா ராத்தா, அட்டை

தானா ராத்தா டவுனில், காட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் நூற்றைம்பது வெள்ளி கேட்டார். என் கஞ்சத்தனம் என்னைத் தடுத்தது. வழிக்காட்டிப் பலகை இருக்கிற பாதைதானே என்று தனியாக இறங்கினேன்.

பெரிய மரம் ஒவ்வொன்றையும் அடியிலிருந்து கழுத்து வலிக்கிற வரை பார்த்தேன். இது மரத்தண்டில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு உட்காரும் என்று தெரியும். நான்கு மணி நேரத்தில் கண்டது: ஒரு அரணை, குரல் மட்டும் கேட்ட ஏதோ குரங்கு, காலில் ஏறிய பதினோரு அட்டை. எண்ணித்தான் எழுதுகிறேன். சாக்ஸைக் கழற்றியபோது வெள்ளைத் துணி சிவப்பாகிவிட்டிருந்தது. வலியே இல்லை, அதுதான் எரிச்சல். திரும்பும்போது வேரில் கால் வைத்து வழுக்கி, இரண்டு மீட்டர் உட்கார்ந்தபடியே சறுக்கினேன். கைபேசி குட்டையில்.

காட்டோரத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு இரண்டு வங்காளதேசத்து ஆட்கள் வந்தார்கள். என் கோலத்தைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஒருவர் மலாயும் தமிழும் கலந்து, "அக்கா, டுடோக், டுடோக், உக்காரு" என்று ஒரு சாக்கை விரித்துப் போட்டார். இன்னொருவர் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து மிச்சமிருந்த அட்டைகள் மேல் தூவினார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார்கள்.

வீட்டில் சித்தி என் காலைப் பார்த்துவிட்டு, "சவுக்காரம் பூசிக்கிட்டுப் போறதுக்கென்ன? நாங்கல்லாம் பெரட்டுக்குப் போறப்பவே காலுல சவுக்காரத்தத் தேச்சிக்கிட்டுத்தான் போவோம்" என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது. முதல் நாளே சொல்லியிருக்கலாம். கைபேசியை அரிசிப் பானைக்குள் புதைத்தார். அது இரவு பத்து மணிக்கு உயிர்பெற்றது.

ஓணான் படத்தைச் சித்தியிடம் அப்போதுதான் முதன்முதலாகக் காட்டினேன். மூன்று நாள் அதைப் பற்றியே பேசியிருக்கிறேன், படத்தைக் காட்டத் தோன்றவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுவா? பாக்குக்கீரை ஒடிக்கப் போற எடத்துல கெடக்குமே." பாக்குக்கீரை என்றால் ஓடையோரப் பெரணிக் குருத்து.

நவம்பர் 22, வெள்ளி: பாக்குக்கீரை

ஒன்பது மணிக்கு வெயில் வந்தது, இந்த வாரத்தில் முதல் தடவையாக. முழங்கால் வரை சவர்க்காரம். சித்தி தலையில் துண்டைக் கட்டி, இடுப்பில் பழைய கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டார். கடைசி நிரைத் தேயிலையைத் தாண்டினால் ஓடை. அதற்கு அப்புறம் மலைக்காடு. தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே ஆறடிகூட இல்லை.

சித்தி நடக்கிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஓடையோரம் குனிந்து, சுருண்ட குருத்தாகப் பார்த்து ஒடித்தார். டக், டக் என்று ஒரே அளவில் சத்தம். நான் வழக்கம்போல மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏ புள்ள, ஒம் மூஞ்சிக்கு நேராத்தான் இருக்கு."

"எங்க சித்தி?"

"இந்தா, எனக்குத் தெரியுதே. மரத்துக்கு இந்தப் பக்கம்."

சுற்றிக்கொண்டு அவர் பக்கம் ஓடினேன். ஒன்றுமில்லை. பாசி, பட்டை, ஒரு கொடி.

"நீ இங்க வந்தா அது அங்கிட்டுப் போவும். போ, நின்ன எடத்துலயே போயி நில்லு. ஆடாத."

திரும்பிப் போய் நின்றேன். சித்தி மரத்தின் மறுபக்கம் கீரையும் கையுமாக இரண்டு எட்டு நடந்தார். தண்டின் ஓரத்தில், என் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, முதலில் வந்தது ஒரு விரல். பிறகு இன்னொரு விரல். நீளமான விரல்கள், பட்டையின் வெடிப்பில் நகத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு வந்தது. அப்புறம் கண். மேடாகப் புடைத்த இமை, நடுவில் சின்ன வட்டம், அது மட்டும் சித்தி பக்கமே திரும்பியிருந்தது. சித்திக்கு மறைவாக என் பக்கம் நகர்கிறது. நான் நிற்பது அதற்கு இன்னும் தெரியவில்லை.

வயிற்றை மரத்தோடு அமுக்கிக்கொண்டு முழு உடம்பும் வந்தது. தலையிலிருந்து வால் நுனி வரை என் முழங்கையிலிருந்து விரல் நுனி அளவு இருக்கும், பாதிக்கு மேல் வால். பச்சையா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம், பாசி பிடித்த பட்டைக்கு என்ன நிறமோ அது. பிடரியில் சீப்புப் பல் போல முள்வரிசை. தொண்டைப் பை மெல்ல ஏறி இறங்கியது. இரண்டு முழம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா ஞாபகமே வரவில்லை.

மூச்சு விட்டேன் போலிருக்கிறது. கண் என் பக்கம் சுழன்றது. ஓடவில்லை. கழுத்தோரம் நிறம் மங்கி, கறுத்துக்கொண்டே வந்தது. வந்த வழியே, அதே நிதானத்தில், விரல் விரலாகச் சித்தி பக்கம் போனது. "இப்ப எனக்கு வந்துருச்சு" என்றார் சித்தி, பந்து விளையாடுகிற மாதிரி.

இன்னும் ஒரு தடவை அதை என் பக்கம் வரவைத்தோம். அப்போது மூன்று படம் எடுத்தேன். மூன்றாவது முறை வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டார். "வயிறு பெருசா இருக்கு, புள்ளத்தாச்சியோ என்னவோ. சும்மா விரட்டாத." மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிற ஜாதி. ஓடைக்கரை மண் அதற்குத் தோதுதான்.

தானா ராத்தா காட்டில் நான்கு மணி நேரம் எத்தனை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன் என்று யோசித்தேன். நான் சுற்றச் சுற்ற மறுபக்கம் எத்தனை என்னோடு சுற்றியதோ. லாத்தா இஸ்கண்டார் கடைக்காரர் சொன்னது காதில் விழுந்தது. அவர் என் பாதுகாப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

மத்தியானம் பாக்குக்கீரை தேங்காய்ப்பாலில். மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

நவம்பர் 23, சனி: இறக்கம்

சனிக்கிழமை இறங்குபவர் குறைவு. எதிரே ஏறும் கார்கள் மட்டும் ரிங்லெட்டிலிருந்து பல மைலுக்கு வரிசை. சித்தப்பாவின் சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். சித்தி வாங்கிக்கொள்ளவில்லை, பின் சீட்டில் முட்டைக்கோஸ் மேல் வைத்துவிட்டார்.

லாத்தா இஸ்கண்டாரில் அதே கடைக்காரர். படங்களைக் காட்டினேன். முதல் இரண்டில் பட்டைதான் தெளிவு, ஓணானின் வால் மட்டும். மூன்றாவதில் அது முழுதாக இருக்கிறது, கொஞ்சம் கலங்கலாக. பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு உருவம் கூடையோடு நிற்கிறது. அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார், ஓணானை விட்டுவிட்டு அந்த உருவத்தை. "இனி சியாப்பா?" யார் இது என்று கேட்டார். சித்தி என்றேன். தலையாட்டிக்கொண்டு, பெத்தாயை எடுத்து எண்ண ஆரம்பித்தார்.

இரண்டு கட்டு வாங்கினேன், இருபது வெள்ளி. தாப்பா வந்ததும் ஏர்கோன் போட வேண்டியதாகிவிட்டது. கிள்ளான் வரை கார் முழுக்கப் பெத்தாயும் அந்துருண்டையும்.